நன்னீர் காத்த ஆசிரியர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ்

குவளையில் நிறைந்திருக்கும் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது. அதற்கு நிறமில்லை; மணமில்லை; நாவில் வைத்தால் சுவையிலும் குறையில்லை. அந்த நீரைப் பருகலாமா? இன்று நாம் குழாயைத் திறக்கும்போது இவ்வினாவை எழுப்புவதில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த மக்களுக்கு இது உயிர்போகும் வினாவாக இருந்தது.

அம்மாநிலத்தின் வடபகுதியில் மெரிமாக் என்னும் ஆறு பாய்கிறது. அதன் கரையில் லோவல், லாரன்ஸ் என்ற இரண்டு நெசவாலை நகரங்கள் வளர்ந்தன. ஆலைகள் பெருகின; தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின; அவற்றின் கழிவுநீர் முழுவதும் ஆற்றில் கலந்தது. மேலே இருந்த லோவல் நகரத்தின் கழிவைச் சுமந்துகொண்டு கீழே வந்த அதே ஆற்றிலிருந்துதான் லாரன்ஸ் நகர மக்கள் குடிநீர் எடுத்தார்கள். ஆண்டுதோறும் டைபாய்டு காய்ச்சல் அந்நகரங்களில் பலரைக் கொன்றது. நீர் தெளிவாகத்தான் இருந்தது. தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதைச் சோதனைக் குழாயில் காட்டுவதற்கு ஆட்கள் தேவைப்பட்டனர். அவ்வாறு காட்டியவர்களுள் முன்வரிசையில் நின்றவர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ்.

எலன் 1842ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டன்ஸ்டபிள் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பீட்டர் ஸ்வாலோ, தாய் பேனி. இருவரும் ஆசிரியப் பணி செய்தவர்கள். அவர்களுக்கு எலன் ஒரே மகள். குழந்தைப் பருவத்தில் அவர் மெலிந்த உடல்வாகு கொண்டிருந்தார். ஆகவே திறந்த வெளியில் விளையாடுமாறும் பண்ணை வேலைகளில் ஈடுபடுமாறும் அவரைப் பழக்கினர். எழுத்தும் எண்ணும் பெற்றோரிடமே கற்றார். மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே 1859இல் அக்குடும்பம் பண்ணையை விட்டு வெஸ்ட்போர்டு என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைகளின் படிப்புக்காக ஊர் மாறும் குடும்பங்கள் நமக்குப் புதியவை அல்ல.

வெஸ்ட்போர்டில் தந்தை ஒரு கடை நடத்தினார். எலன் பள்ளி நேரம் போக மற்ற நேரங்களில் கடையில் நின்று பொருள் நிறுத்துக் கொடுத்தார், கணக்கு எழுதினார். நோயுற்ற தாயைக் கவனிக்கும் பொறுப்பும் அவரிடமே இருந்தது. பள்ளிப் படிப்பு முடிந்தபின், பெண்களுக்குக் கல்லூரிக் கதவு திறக்குமா என்று காத்திருந்த ஆண்டுகள் பல. அந்த ஆண்டுகளில் பாடம் சொல்லிக் கொடுத்தும், வீடுகளைத் துப்புரவு செய்தும், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தும் 300 டாலர் சேர்த்தார். 1868இல், தம் 25ஆம் வயதில், நியூயார்க் மாநிலத்தில் மகளிருக்காகப் புதிதாகத் தோன்றியிருந்த வாசர் கல்லூரியில் சேர்ந்தார்.

வாசரில் இரண்டு ஆசிரியர்கள் அவர் உள்ளத்தை ஈர்த்தனர். ஒருவர் புகழ்பெற்ற வானியலாளர் மரியா மிட்செல். மற்றவர் வேதியியல் கற்பித்த சார்லஸ் பாரர். வேதியியல் அறிவு அன்றாட வாழ்வின் சிக்கல்களைத் தீர்க்கப் பயன்பட வேண்டும் என்பது பாரரின் கொள்கை. விண்மீன்களா, சோதனைக் குழாய்களா என்ற தேர்வு எலனுக்கு எளிதாக இருக்கவில்லை. முடிவில் அவர் மண்ணில் உள்ள மனிதருக்கு நெருக்கமாக இருந்த வேதியியலையே தேர்ந்தெடுத்தார். 1870இல் பட்டம் பெற்றார்.

பட்டம் கையில் இருந்தது. பணி எங்கும் இல்லை. வேதியியல் நிறுவனங்கள் சிலவற்றுக்கு எழுதிப் பார்த்தார். அவற்றுள் ஒன்று, பாஸ்டன் நகரில் அண்மையில் தொடங்கப்பட்ட மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முயன்று பார்க்குமாறு வழி காட்டியது. அக்கழகத்தில் அதுவரை பெண் எவரும் பயின்றதில்லை. 1870 டிசம்பரில் எலன் தனி மாணவராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். கட்டணம் வேண்டாம் என்றார்கள். தம் வறுமையைக் கருதி அளித்த சலுகை அது என்றே அவர் எண்ணியிருந்தார். உண்மை பின்னர்தான் தெரிந்தது. யாரேனும் எதிர்ப்புத் தெரிவித்தால், அவர் எம் மாணவரே அல்லர் என்று கழகத்தின் தலைவர் கூறிக்கொள்ள வசதியாகவே அந்த ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. சலுகையின் உருவில் வந்த அவமதிப்பு என்றே இதைச் சொல்ல வேண்டும். காரணம் முன்பே தெரிந்திருந்தால் தாம் சேர்ந்திருக்கமாட்டார் என்று அவர் பிற்காலத்தில் கருதினார். தெரியாமல் இருந்தது நன்மையாயிற்று.

சேர்ந்த சில மாதங்களிலேயே, 1871இல், தந்தை தொடருந்து விபத்தொன்றில் காயமுற்று இறந்தார். தாய்க்குத் துணையாகவும் இருந்து, படிப்பையும் விடாமல் தொடர்ந்தார் எலன். ஆய்வகத்தில் அவருக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. மற்றவர் மனம் கோணாதபடி நடந்துகொள்வதில் அவர் மிகுந்த கவனம் செலுத்தினார். மேசைகளைத் துடைத்தார், பேராசிரியர்களின் தாள்களை அடுக்கி வைத்தார், கிழிந்ததைத் தைத்துக் கொடுத்தார். இக்காலத்து மாணவியர் இதனைப் படிக்கும்போது முகம் சுளிக்கக்கூடும். சுளிப்பதும் நியாயமே. ஆயினும் திறந்த கதவு மீண்டும் மூடிக்கொள்ளக் கூடாது என்பதே அவருடைய கவலையாக இருந்தது. தமக்குப் பின்னால் வரப்போகும் பெண்களையும் அவர் எண்ணிப் பார்த்தார்.

1873இல் தொழில்நுட்பக் கழகம் அவருக்கு அறிவியல் இளநிலைப் பட்டம் அளித்தது. அக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. அதே ஆண்டில், இரும்புத் தாது ஒன்றில் வனேடியம் எவ்வளவு உள்ளது என்று ஆராய்ந்த ஆய்வுக்காக வாசர் கல்லூரி முதுநிலைப் பட்டம் வழங்கியது. மேலும் சில ஆண்டுகள் ஆராய்ச்சியைத் தொடர்ந்தும் முனைவர் பட்டம் மட்டும் அவருக்குக் கிட்டவில்லை.

1875இல் அக்கழகத்தின் சுரங்கப் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸ் அவரை மணந்தார். திருமணப் பயணமாக இருவரும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்றனர். உடன் சென்றவர்கள் யார் தெரியுமா? பேராசிரியரின் சுரங்கவியல் வகுப்பு மாணவர்கள்! அவர்கள் பாஸ்டனை அடுத்த ஜமைக்கா பிளெயின் பகுதியில் குடியமர்ந்தனர். எலன் தம் வீட்டையே ஓர் ஆய்வுக்கூடமாக மாற்றினார். காற்று சென்று வரும் வழி, அடுப்பின் எரிபொருள், கிணற்று நீர், கழிவு வெளியேறும் குழாய் எனக் கண்ணில் பட்ட யாவற்றையும் அளந்து, சோதித்து, திருத்தினார்.

அடுத்த ஆண்டில் அவருடைய ஆசிரியப் பணி உருப்பெற்றது. பாஸ்டன் நகரின் மகளிர் கல்விச் சங்கம் ஒன்று பணம் திரட்டித் தர, 1876 நவம்பரில் தொழில்நுட்பக் கழகத்தில் பெண்களுக்கான ஆய்வகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் ஜான் ஆர்ட்வே அதன் பொறுப்பாளர். எலன் அங்கே ஊதியம் பெறாமல் கற்பித்தார். அதுமட்டுமன்று, ஆண்டுதோறும் தம் பணத்தையும் அந்த ஆய்வகத்துக்கு வழங்கி வந்தார். அங்கே படித்தவர்களில் பலர் பள்ளி ஆசிரியைகள். நூலில் படித்த வேதியியலைத் தம் கையால் செய்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு அதுவே முதல்முறை. பெண்களும் மற்ற மாணவர்களைப் போலவே கழகத்தில் சேரலாம் என்ற நிலை வந்ததும் 1883இல் அந்த ஆய்வகம் மூடப்பட்டது. தம் ஆய்வகம் தேவையற்றுப் போகும் நாளுக்காக உழைத்த ஆசிரியர் அவர்.

பாஸ்டனுக்கு வர இயலாத பெண்களுக்கும் அவர் ஒரு வழி கண்டார். வீட்டிலிருந்தே படிப்பதை ஊக்குவிக்கும் சங்கம் ஒன்றை ஆனா டிக்னர் என்பவர் 1873இல் தொடங்கியிருந்தார். அதன் அறிவியல் பிரிவை எலன் 1876 முதல் நடத்தினார். பாடங்கள் அஞ்சலில் சென்றன. பாடங்களுடன் கனிமத் துண்டுகளும் நுண்ணோக்கிகளும் சென்றன. தொலைவில் இருந்த சிற்றூர்களில் அடுக்களை வேலை முடித்த பெண்கள், மாலையில் நுண்ணோக்கியில் கண் பதித்துத் தம் கேள்விகளை எழுதி அனுப்பினர். அவற்றுக்கு விடை எழுதுவதிலேயே எலனின் பல இரவுகள் கழிந்தன.

இனி நீரின் கதைக்கு வருவோம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1869இலேயே நலவாழ்வு வாரியம் ஒன்று அமைந்திருந்தது. அவ்வாரியத்துக்காகப் பேராசிரியர் வில்லியம் நிக்கல்ஸ் ஆறு, குளங்களின் நீரைச் சோதித்து வந்தார். தொடக்கத்தில் பெண் மாணவரை விரும்பாத நிக்கல்ஸ், எலனின் கைத்திறனைக் கண்டபின் சோதனைகளில் பெரும்பகுதியை அவரிடமே ஒப்படைத்தார். நீர்ப் பகுப்பாய்வு என்பது பொறுமையின் கலை. கழுவிய புட்டியில் துளி அழுக்கு ஒட்டியிருந்தாலும் முடிவு பொய்யாகிவிடும். கடையில் கணக்கு எழுதிப் பழகிய கைக்கு அந்தத் துல்லியம் இயல்பாக வந்தது. 1884இல் கழகம் சுகாதார வேதியியல் ஆய்வகத்தை நிறுவியபோது எலன் அதன் பயிற்றுநராக அமர்த்தப்பட்டார்.

1887இல் பெரும்பணி ஒன்று அவரைத் தேடி வந்தது. மாநிலத்தின் எல்லா நீர்நிலைகளையும் ஆராய வேண்டும் என்று நலவாழ்வு வாரியம் முடிவு செய்தது. பேராசிரியர் தாமஸ் டிரவுன் அப்பணிக்குத் தலைமை ஏற்றார். ஆய்வகத்தின் முழுப் பொறுப்பும் எலனுடையது. ஆறு, ஏரி, கிணறு, குளம் என மாநிலமெங்கிலும் இருந்து நீர் நிறைந்த புட்டிகள் வந்தவண்ணம் இருந்தன. 20,000க்கும் மேற்பட்ட நீர் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. ஒவ்வொரு புட்டியும் எங்கிருந்து, எந்நாளில் எடுக்கப்பட்டது என்பது முதல் சோதனை முடிவு வரை அனைத்தும் ஒழுங்காகப் பதியப்பட்டன. இவ்வளவு விரிவான நீராய்வை அமெரிக்கா அதற்கு முன் கண்டதில்லை.

அவர்கள் நீரில் எதைத் தேடினார்கள்? நோய்க் கிருமிகளைப் பற்றிய அறிவு அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது. எனவே கழிவுநீர் கலந்ததற்கான தடயங்களைத் தேடினர். அவற்றுள் முதன்மையானது குளோரைடு. நாம் உண்ணும் சமையல் உப்பு, சோடியமும் குளோரினும் சேர்ந்த பொருள். உணவில் சேரும் உப்பின் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறுகிறது. கழிவிலுள்ள மற்ற பொருள்கள் மட்கிப் போகும், மண்ணில் வடிகட்டப்படும், செடிகளால் உறிஞ்சப்படும். குளோரைடு அவ்வாறு எளிதில் மறையாது. மண்ணைக் கடந்து கிணற்றுக்குள் வந்து சேரும். ஆகவே தெளிந்த கிணற்று நீரிலும் அது தன் பழைய கதையைச் சொல்லிவிடும்.

அதைச் சோதிக்கும் முறை எளிது, பார்க்கவும் அழகானது. குறிப்பிட்ட அளவு நீரில் பொட்டாசியம் குரோமேட்டுக் கரைசலைச் சில துளிகள் விட்டால் நீர் மஞ்சளாகும். அதில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். வெள்ளி முதலில் குளோரைடைப் பிடித்து வெண்ணிற வீழ்படிவாகிறது. குளோரைடு முழுவதும் தீர்ந்த அந்தக் கணத்தில், அடுத்த துளி குரோமேட்டுடன் சேர்ந்து செம்பழுப்பு நிறம் காட்டும். அதுவரை எத்தனை மில்லிலிட்டர் செலவாயிற்று என்று பார்த்தால் குளோரைடின் அளவு தெரிந்துவிடும். நீங்கள் மேல்வகுப்புக்குச் செல்லும்போது உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே இதைச் செய்யக்கூடும்.

ஆனால் இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. குளோரைடு கழிவுநீரிலிருந்து மட்டும் வருவதில்லை, கடலிலிருந்தும் வருகிறது. அலைகளிலிருந்து தெறிக்கும் நுண்ணிய உப்பைக் காற்று சுமந்து சென்று மழையோடு நிலத்தில் இறக்குகிறது. அப்படியானால் ஒரு கிணற்றில் உள்ள உப்பு கடல் தந்ததா, மனிதர் தந்ததா? தனியொரு கிணற்றைப் பார்த்து இதற்கு விடை கூற இயலாது. ஆயிரக்கணக்கான முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது விடை தோன்றியது. மாசு படாத நீர்நிலைகளின் அளவுகளை மட்டும் பிரித்தெடுத்து மாநிலத்தின் நிலப்படத்தில் குறித்தனர். சம அளவுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தனர். அக்கோடுகள் கடற்கரையைப் பின்பற்றி, ஒன்றன்பின் ஒன்றாக உள்நாட்டை நோக்கி அமைந்தன. கடலோரத்தில் குளோரைடு மிகுதி. மேற்கே பெர்க்ஷயர் மலைப்பகுதியில் மிகக் குறைவு. இதுவே இயல்பு குளோரின் நிலப்படம் எனப் பெயர் பெற்றது.

இப்படத்தின் பயனை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊர்க் கிணற்றின் குளோரைடு அளவு, அவ்வூரின் வழியே செல்லும் கோட்டின் அளவோடு ஒத்திருந்தால் அது இயற்கை தந்தது. அதைவிட மிகுந்திருந்தால் மிகுதி மனிதர் தந்தது. கடலோர ஊரில் இயல்பாகத் தோன்றும் அளவே மலையோர ஊரில் எச்சரிக்கை ஆகிவிடும். எல்லா ஊர்களுக்கும் ஒரே எண் போதாது, இடத்துக்கு ஏற்ற அளவுகோல் வேண்டும் என்ற இந்தக் கருத்து, என் மதிப்பீட்டில், அவ்வாய்வின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு. பின்னர் நியூயார்க்குக்கும் நியூ இங்கிலாந்தின் பிற மாநிலங்களுக்கும் இத்தகைய நிலப்படம் வரையப்பட்டு, 1905இல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையால் வெளியிடப்பட்டது.

குளோரைடு நோயைக் காட்டுவதில்லை. கழிவு கலந்த சுவட்டையே காட்டுகிறது. அந்தச் சுவடு புதியதா, பழையதா என்பதை நைட்ரசன் சேர்மங்கள் கூறின. கழிவு புதிதாகக் கலந்திருந்தால் நீரில் அம்மோனியா மிகுந்திருக்கும். நாள் செல்லச் செல்ல அது நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாறும். அம்மோனியாவை அறிய, உயரமான கண்ணாடிக் குழாய்களில் நெஸ்லர் கரைசலைச் சேர்த்து, எழும் மஞ்சள் நிறத்தின் அடர்த்தியை அளவறிந்த கரைசல்களோடு ஒப்பிடுவர். இவ்வேலையை நாள்முழுதும் செய்வதற்குக் கூர்மையான கண்ணும் அசையாத பொறுமையும் வேண்டும்.

இந்த ஆய்வின் பயனாக நீரின் தரத்துக்கு அளவுகோல்கள் அம்மாநிலத்தில் உருவாயின. 1887இலேயே லாரன்ஸ் நகரில் கழிவுநீரையும் குடிநீரையும் ஆராயும் சோதனை நிலையம் ஒன்றை வாரியம் நிறுவியிருந்தது. 1890-91இல் லோவலிலும் லாரன்சிலும் டைபாய்டு கடுமையாகப் பரவியபோது, தொழில்நுட்பக் கழகத்தின் உயிரியல் பேராசிரியர் வில்லியம் செட்ஜ்விக் அதன் காரணத்தை ஆற்றுநீரில் கண்டறிந்தார். 1893இல் லாரன்சில் பெரிய மணல் வடிகட்டி செயல்படத் தொடங்கியது. அதன்பின் அந்நகரில் டைபாய்டுச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. இது பலர் கூடிச் செய்த பணி. எலனை மட்டும் இதற்கு உரியவராகக் கூறுவது பொருந்தாது. அவரை விட்டுவிட்டுக் கூறுவதும் பொருந்தாது.

சுகாதாரப் பொறியியல் என்னும் புதிய பாடப்பிரிவை ஏறத்தாழ 1890இல் கழகம் தொடங்கியது. நீர், காற்று, கழிவுநீர் ஆகியவற்றைப் பகுத்தாயும் முறைகளை எலன் அங்கே கற்பித்தார். அதுவரை குழாயும் கால்வாயும் அமைக்கத் தெரிந்திருந்த பொறியாளர்கள், அவற்றில் ஓடுவது என்ன என்பதையும் அறியத் தொடங்கினர். அவ்வகுப்புகளிலிருந்து வெளிவந்த இளைஞர்கள் அமெரிக்காவின் பல நகரங்களில் நீர் நிலையங்களை அமைத்தனர். ஆல்பியஸ் உட்மன் என்பவரோடு இணைந்து அவர் எழுதிய காற்று, நீர், உணவு பற்றிய நூல் 1900இல் வெளிவந்தது.

ஆய்வகத்தில் கண்ட உண்மை அடுக்களைக்குச் செல்லவில்லையென்றால் அதனால் என்ன பயன் என்று எண்ணியவர் அவர். சமையலிலும் துப்புரவிலும் உள்ள வேதியியலைப் பற்றி 1882இலேயே இல்லத்தரசியர்க்கு ஒரு நூல் எழுதியிருந்தார். 1890இல் பாஸ்டனில் ஏழைத் தொழிலாளர்களுக்குச் சத்துள்ள உணவைக் குறைந்த விலையில் தரும் சமையற்கூடம் ஒன்றை மேரி ஏபெல் என்பவரோடு சேர்ந்து தொடங்கினார். அது எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. பல நாடுகளிலிருந்து குடிவந்த தொழிலாளர்கள் தத்தம் வீட்டுச் சுவையையே நாடினர். அளந்து சமைத்த உணவு அவர்களை ஈர்க்கவில்லை. வெளியூரில் வாழும் நம்மவர்க்கு இது நன்றாகப் புரியும்.

மனிதருக்கும் அவர்தம் சுற்றுப்புறத்துக்கும் உள்ள உறவை ஆராயும் தனி அறிவியல் ஒன்று வேண்டும் என்று 1892இல் பாஸ்டனில் உரையாற்றினார். செருமானிய அறிஞர் ஹெக்கல் உருவாக்கியிருந்த சூழலியல் என்ற பெயரையே அதற்குச் சூட்ட விரும்பினார். உயிரியலார் அச்சொல்லைச் செடிகளுக்கும் விலங்குகளுக்குமாக எடுத்துக்கொண்டனர். எலன் விரும்பிய மனைச்சூழல் பொருள் அன்று நிலைபெறவில்லை. அவருடைய மனையியல் முயற்சி நிலைபெற்றது. 1908இல் தோன்றிய அமெரிக்க மனையியல் சங்கம் அவரையே முதல் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

1910இல் ஸ்மித் கல்லூரி அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. தாம் பயின்று, கற்பித்த கழகத்தில் அவர் இறுதிவரை பேராசிரியர் ஆகவில்லை. 1884இல் ஏற்ற பயிற்றுநர் பதவியிலேயே 27 ஆண்டுகள் பணியாற்றினார். 1911ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், ஜமைக்கா பிளெயின் இல்லத்தில் இதய நோயால் காலமானார். மெய்ன் மாநிலத்தின் கார்டினர் என்னும் ஊரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. கணவர் ராபர்ட் மேலும் 34 ஆண்டுகள் வாழ்ந்து, 100 வயதைக் கடந்து 1945இல் மறைந்தார். எலனின் பெயரால் இன்று அக்கழகத்தில் ஒரு பேராசிரியர் பதவி இருக்கிறது.

நீரைச் சோதிக்கும் நிலையங்களில் குளோரைடுச் சோதனை இன்றும் நாள்தோறும் நடைபெறுகிறது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வகுத்துள்ள விதியில், குளோரைடின் ஏற்கத்தக்க அளவு ஒரு லிட்டருக்கு 250 மில்லிகிராம். உங்கள் நகரின் நீர் வாரியம் வெளியிடும் சோதனை அறிக்கையைப் பெற்று, அதில் குளோரைடுக்கு எதிரே என்ன எண் எழுதப்பட்டுள்ளது என்று பாருங்கள். அதே அறிக்கையில் நைட்ரேட்டின் அளவும் இருக்கக்கூடும்.